பட்டை உரிந்த பூவரசு

கோவிலம்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றில் தனம் நான்கு வீடுகளுக்குச் சமைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பன்னிரண்டு வருஷமாக அந்தக் கைப்பக்குவம்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஆடியில் முழங்கையில் வெள்ளைச் செதிலாக ஒரு திட்டு கிளம்பியது. ஐப்பசிக்குள் விரல்வரை இறங்கிவிட்டது.

முதல் வீட்டில், ஊருக்குப் போகிறோம், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஆனால் அந்த வீட்டுக் குக்கர் விசில் தினமும் மாடிப்படிவரை கேட்டது. அடுத்த வீட்டில் வாட்ஸ்அப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. மிஞ்சியது பள்ளி ஆசிரியை ஆஷாவின் வீடு மட்டும்.

மீன் விற்கும் செல்லம்மாதான் பூவரசைச் சொன்னாள். அதன் பட்டையை இடித்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவினால் எப்பேர்ப்பட்ட படையும் மறைந்துவிடும் என்றாள். ஏரிக்குப் போகும் வழியில், காலி மனை ஒன்றில் ஒரு பூவரசு நின்றது. காலையில் மஞ்சளாக விரிந்த பூக்கள் சாயங்காலம் சிவந்து சுருங்கித் தொங்கும். தனம் அதையெல்லாம் பார்க்கவில்லை. கத்தியால் பட்டையைச் சீவி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

பத்து நாள் தடவினாள். அரிப்பு கொஞ்சம் தணிந்தது, செதில் அடங்கவில்லை. காயைக் கீறினால் வடியும் மஞ்சள் பாலையும் பூசிப் பார்த்தாள். அந்தக் கறை சோப்புக்கும் போகாமல் விரல்களில் நின்றது. ஆஷா அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

அதன் பிறகு தனம் தினமும் மரத்தடிக்குப் போனாள். மார்கழியில் ஒரு காலை, மனைக்குக் காவல் இருந்த துரை வந்து நின்றார்.

“இன்னாக்கா, சுத்திலும் உரிச்சிட்டுக்கீறியே. இனிமே இது எப்டி பொழைக்கும்?”

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கை எட்டும் உயரம்வரை மரம் தோலில்லாமல் நின்றது. மேலே இலைகள் பழுத்துத் தொங்கின.

“நான் பொழைக்கணுமே அண்ணா,” என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

துரைக்குத் திட்ட வாய் வரவில்லை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டச் சொன்னார்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா அவள் கையைத் தயங்காமல் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். ஐந்து மாதமாக யாரும் தொடாத கை. சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது, ஆனால் வந்து வந்து போகும் என்றாள். ஒட்டாது என்பதை மட்டும் எழுதித் தரும்படி தனம் கெஞ்சி வாங்கிக்கொண்டாள்.

ஆஷா வாசலில் நின்றபடியே அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தாள்.

“எனக்குப் புரியுது தனம்மா. வீட்ல எல்லாரும் ஒத்துக்கணும் இல்லையா?”

உள்ளே யாரோ தாளிக்கும் வாசனை வந்தது. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல் என்று தனத்துக்குத் தோன்றியது.

தை பிறந்ததும் பல்லாவரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கழிவறை கழுவும் வேலை கிடைத்தது. ஆசிட் பட்டால் தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. வேறு வழியில்லை. பந்தி முடிந்ததும் வேலைக்காரர்களுக்கும் இலை போடுவார்கள். யாரும் அவளை ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோரும் எழுந்துபோன பிறகுதான் அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.