ஒரு முளைக்குச்சிக்கு ஒரு கருப்பன்

ஒரு கையால் பருத்திக்கொட்டையையும் புண்ணாக்கையும் பிசைந்துகொண்டே மறுகையின் ஒற்றை விரலால் மடிக்கணினியைத் தட்டுகிறாள் இளமதி. திருச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவள். விராலிமலைப் பக்கத்துத் தோட்ட வீட்டில் மாட்டுக்கொட்டகைதான் அவளுக்கு ஆபீஸ். வீடியோ மீட்டிங்கில் கருப்பன் தலையை நீட்டினால், மேனேஜர் முதல் வணக்கத்தை அதற்குத்தான் வைப்பார்.

கருப்பன் அவள் வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை. நிரல் முரண்டு பிடித்தாலும் காளையை அதட்டும் அதே குரல்தான்: "இந்தா பாரு, ஒழுங்கா நில்லு." இரண்டில் ஒன்று கேட்கும்.

போன வருடம்வரை வாடிவாசலில் மைக்கில் ஒலித்தது அண்ணன் ஆனந்தராஜின் பெயர். அவன் சிங்கப்பூர் போனபின் தீனி, நீச்சல், நடை எல்லாம் இவள் பாடு. இந்த முறை தன் பெயர் ஒலிக்க வேண்டும். கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாள், முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

மைக் பிடிப்பவர் நல்லதம்பி. பேச்சு வேகத்தில் மாட்டுக்காரர் பெயரை மாற்றிச் சொல்லி வருடா வருடம் வசவு வாங்குகிறவர். அவருக்காக இவள் ஒரு செயலி செய்தாள். காளையின் பெயரைத் தட்டினால் சொந்தக்காரர் பெயர் வந்து நிற்கும். இதற்கென்றே ஜாவா என்ற நிரல்மொழியின் நூலகத்தில் ஹேஷ்டேபிள் என்றொரு கிளாஸை யாரோ புண்ணியவான் எழுதி வைத்திருக்கிறார். நல்லதம்பியிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"ஒவ்வொரு பேரும் ஒரு மொளக்குச்சிண்ணே. குச்சியச் சொன்னாப் போதும், அதுல கட்டியிருக்கிறத நேரா கொண்டாந்து நிறுத்திரும். கொட்டகை பூராம் தேட வேண்டியதில்ல."

ஜல்லிக்கட்டுக்கு முதல் நாள் பந்தலில் ஒத்திகை. நல்லதம்பி தன் மைத்துனரின் கருப்பனைத் தட்டினார். சொந்தக்காரர் மூக்கன் என்று வேறு யார் பெயரோ வந்தது. இளமதி தன் கருப்பனைத் தட்டினாள். அதற்கும் மூக்கன். காவல் தெய்வம் கருப்பரின் பெயரைக் காளைக்கு வைக்காத வீடு அந்த வட்டாரத்தில் அரிது. ஒரே குச்சியில் இன்னொரு மாட்டைக் கட்டினால், முன்னதைச் சத்தமில்லாமல் அவிழ்த்து விரட்டிவிடும் அந்த ஹேஷ்டேபிள். கடைசியாகப் பதிந்தது மூக்கனின் கருப்பன்.

பந்தலில் நின்ற மூக்கன் மீசையை நீவிக்கொண்டார். "எனக்கு ஆட்சேபணை இல்லத்தா. இப்புடியே இருக்கட்டும்."

"எல்லா மாட்டுக்கும் இவரு பேரச் சொன்னா, நாளைக்கு என்னயத்தான் வாடியில அவுத்து விடுவாங்க" என்றார் நல்லதம்பி.

இத்தனை படித்தும் இது எப்படித் தோன்றாமல் போனதென்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "எனக்குக் கருப்பன்னா ஒண்ணுதானே" என்று முனகினாள் இளமதி. பந்தலே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆசை ஆசையாகக் காத்திருந்த பெயரைத் தன் கையாலேயே அழித்திருந்தாள்.

அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெயரை விட்டுவிட்டு, மாட்டுக்கு மாடு மாறும் டோக்கன் எண்ணைக் குச்சியாக்கினாள். மூக்கனே டோக்கன்களை வாசித்துக் கொடுக்க, எல்லாக் கருப்பன்களையும் திரும்பக் கட்டினாள்.

மறுநாள் அவிழ்த்துவிடும் வேலையைச் சித்தப்பாவிடம் தள்ளிவிட்டு, ஓடிவரும் காளைகளைப் பிடித்துக் கட்டும் திடலில் கயிறும் கையுமாக நின்றாள். ஒலிபெருக்கி கரகரத்தது. "இளமதி மாடுப்பா, இளமதி மாடு வருது. முடிஞ்சா தொட்டுப் பாரு."

அவள் குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கோ போனது. யார் கைக்கும் சிக்காமல் புழுதி பறக்க வந்து சேர்ந்தது கருப்பன். கயிற்றைப் போட்டு முளைக்குச்சியில் கட்டித் திமிலைத் தட்டிக்கொடுத்தாள்.

பின்னாலேயே தன் கருப்பனை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்த மூக்கன், அதே முளைக்குச்சியில் கயிற்றைச் சுற்றக் குனிந்தார். இளமதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கீழே கிடந்த இன்னொரு குச்சியை எடுத்து எட்ட ஊன்றி, ஒரு கல்லால் ஓங்கி அடிக்கத் தொடங்கினாள்.