பேன் படத்தில் வெட்டிய துண்டு

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குத்தான் நீளமான முடி. அதுவே வினையாகப் போயிற்று. சுகாதாரப் படம் எடுக்க வந்த கல்வித் துறைக்காரர்கள் பேன் பிடித்த சிறுமியாக நடிக்க ஆள் தேடினார்கள். நிஜமாகவே பேன் வைத்திருந்த பிள்ளைகள் வகுப்பில் அரை டஜன் பேர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, ஒரு ஈர்கூட இல்லாத தலையாகப் பார்த்து எடுத்தார்கள். நீள முடிதான் படத்தில் எடுப்பாக விழுமாம். படித்தவர்கள் கணக்கே தனி.

பேன் வேஷம் என்று தெரியாத அம்மா முதல் நாள் சாயந்திரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அலசி, வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, காலையில் அனுப்பினாள். அவர்கள் அதைப் பிரித்துப் பரட்டையாக்கி, சாக்பீஸ் தூளை ஈர் மாதிரி தூவினார்கள். ஏழு வயதுப் பெண் சொன்னபடியெல்லாம் சொறிந்தாள். நன்றாகச் சொறிகிறாள் என்று பாராட்டு வேறு. மறுநாள் அவள் பள்ளியில் இருந்தபோதே வீட்டுக்கும் போய், வாசலில் அம்மாவை வைத்து ஒரு காட்சி எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாலைந்து மாதம் கழித்துப் பள்ளி ஹாலில் படம் போட்டார்கள். திரையில் அவள் தலையைச் சொறிந்ததும் ஹால் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த சிநேகிதிகூட ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அவள் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். கண்ணை மூடலாம், காதை என்ன செய்வது? கனத்த ஆண் குரல் ஒன்று சொல்லிக்கொண்டே போனது: "இதோ இந்தத் தாயைப் பாருங்கள். பொழுதெல்லாம் வாசலில் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறாள். பெற்ற மகளின் தலையைப் பார்க்க இவளுக்கு நேரமில்லை."

அன்றிலிருந்து அவள் பெயர் பேன்ராணி. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அம்மாவைச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். படம் எடுத்த மறுமாதமே ஆலையில் நடந்த விபத்து. அவர் முகம் இருந்த ஒரே போட்டோ ஆலையின் அடையாள அட்டையில் இருந்தது. அட்டை ஆலைச் சொத்து என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தைத்தே அவளைப் படிக்க வைத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசிப் புள்ளி. அப்படிப்பட்டவளைத்தான் ஊர் ஊராகப் போய் வெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குரல்.

விதி பொல்லாதது. பெரியவளாகி அவளுக்குக் கிடைத்த வேலை அதே துறையின் படப் பிரிவில். பல் தேய்ப்பது எப்படி, பெரியவர்களிடம் பேசுவது எப்படி, சாலையைக் கடப்பது எப்படி என்று தகர டப்பாவுக்குள் அடங்கிய நல்லொழுக்கத்தைப் பள்ளிகளுக்கு இரவல் கொடுத்து, திரும்பி வந்ததும் ரீலைச் சுற்றிப் பார்த்து, அறுந்ததை ஒட்டி வைக்க வேண்டும். ரீலக்கா என்று ஆபீசில் பெயர் வைத்தார்கள். பேன்ராணிக்கு இது எவ்வளவோ தேவலை.

சேர்ந்த மூன்றாம் வாரமே அந்த டப்பா கைக்கு வந்தது. மதிய இடைவேளையில் அறைக்கதவைத் தாழிட்டு, காதை ஒலிபெருக்கியில் வைத்து அந்தக் குரல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டாள். பிலிமில் ஒலி படத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதிந்திருக்கும். ஒரு வார்த்தை மிஞ்சினாலும் மானம் போகும் என்று இரண்டு பக்கமும் தாராளமாகவே வெட்டினாள். முப்பத்தெட்டு விநாடி. தான் சொறிவதை விட்டுவைத்தாள். அதையும் எடுத்தால் படமே இல்லை, மாட்டிக்கொள்வாள். வெட்டிய துண்டைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். அன்று ராத்திரி பல வருஷம் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

அம்மா மட்டும் விடவில்லை. "ஏண்டி, அந்தப் பேன் படத்த எனக்கு ஒரு தடவ காட்டேன்" என்று வருஷத்துக்கு நாலு தரமாவது கேட்பாள்.

"அது பழசாயிடுச்சும்மா. ஓட்டினா அறுந்துடும்."

இப்படியே இருபத்தாறு வருஷம் சாக்குச் சொன்னாள். பிறகு படப் பிரிவையே மூடுவதாக உத்தரவு வந்தது. டப்பாக்களைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போக வேண்டும். அம்மாவுக்கோ ஒரு கண்ணில் பார்வை போயே போய்விட்டது, மறு கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. வெட்டின படம்தானே, இனி என்ன பயம் என்று ஒரு சனிக்கிழமை ஆபீசுக்கு அழைத்துப் போனாள்.

அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். திரைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகள் சொறிந்தபோது சிரித்தாள். வகுப்பு வந்தது, டீச்சர் வந்தாள், சீப்பும் சோப்பும் வந்தன. வணக்கம் போட்டுப் படம் முடிந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"நம்ம வீட்டு வாசல் வரலையே?"

"எடுத்துட்டாங்க போலம்மா. போகட்டும் விடு. உன்னப் பத்தி அதுல நல்லாவா சொல்லியிருப்பாங்க?"

"வெட்டியா இருக்கிற அம்மானுதானே? படம் எடுக்க வந்த ஆளு அன்னிக்கே படிச்சுக் காட்டி, பரவாயில்லையாம்மான்னு கேட்டாரு. என்ன வேணா சொல்லிக்கோங்கன்னு நான்தான் சொன்னேன். கத தானே." அம்மா வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மொகத்த நான் கண்ணாடில பாத்துக்க மாட்டேனா? அன்னிக்கு உங்கப்பா வேல முடிஞ்சு வந்து, பின்னால சைக்கிளத் தொடச்சிட்டிருந்தாரு. நகருய்யான்னு கத்தினாங்க. நிமிந்து பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. சரி, அவரும் படத்துல விழுந்துட்டாருன்னு அந்த ஆளே சொன்னாரு."

"ஏம்மா இத்தன வருஷமா எங்கிட்டச் சொல்லல?"

"இருக்கோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? ஆச காட்டிட்டு இல்லாமப் போச்சுன்னா நீ தாங்க மாட்டே. உனக்குத்தான் அவரு மொகமே ஞாபகம் இல்லன்னு சொல்லுவியே." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பாவி வெட்டினானோ."

ரீலக்கா எந்திரத்தின் பக்கம் போனாள். ஓடி முடித்த ரீலை எந்திரத்தில் இருந்து கழற்றக் கை வரவில்லை. அன்று கூடையில் போடுவதற்கு முன்னால் அந்தத் துண்டை ஒரு தரம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. நகத்தளவு கட்டத்துக்குள் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் சைக்கிளோடு ஒரு ஆள், தலையை நிமிர்த்தி இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. குறுக்கே இது யார் என்று எரிச்சல்கூடப் பட்டாள்.