பனியன் துணியில் ஒரு மலை மீட்பு

இரண்டாயிரத்து ஐந்து, ஆறாம் ஆண்டுகளில் திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு மலையேற்றம் திடீரெனப் பிடித்துப்போனது. ஞாயிறன்று மலைக்குப் போவதும், திங்களன்று காலில் மாவுக்கட்டுடன் கம்பெனிக்கு வருவதும் ஏறக்குறைய ஓர் அந்தஸ்தாகவே ஆகியிருந்தன. கட்டு பெரிதானால் ஏறிய மலையும் பெரிதென்று பொருள். வெறும் சுளுக்கோடு திரும்பிக்கொண்டிருந்த என் கணவர் நண்பர்களிடையே சற்றே குன்றிப்போயிருந்தார்.

பாதுகாப்பு என்றால் என்னவென்று அறியாதவரல்லர் அவர். வெளிநாட்டு வியாபாரி ஆய்வுக்கு வரும் நாள்களில் எங்கள் பனியன் கம்பெனியின் தீயணைப்புக் கருவி துடைத்து மாட்டப்படும்; முதலுதவிப் பெட்டியின் சாவியும் எப்படியோ கிடைத்துவிடும். மலைக்கு எவரும் ஆய்வுக்கு வருவதில்லை என்பதால் அங்கே எதுவும் தேவைப்படவில்லை.

அன்று உடுமலைக்கு அப்பாலுள்ள ஒரு குன்றுக்கு நாங்களும், பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் என் அண்ணனும் போயிருந்தோம். முந்தைய நாள் மழை. புகைப்படத்துக்காக ஈரப்பாறையின் விளிம்புவரை சென்ற கணவர் சறுக்கிப்போய், கீழே ஒரு குறுகிய திட்டில் நின்றார். அதற்கும் கீழே மரங்களின் உச்சிகள் மட்டுமே தெரிந்தன.

அந்நிலையிலும் அவர் ஆணையிடத் தவறவில்லை: பையிலிருக்கும் பனியன் துணியை முறுக்கி இறக்க வேண்டுமாம். மூட்டை கட்டவும் வண்டி துடைக்கவும் எங்கள் ஊருக்கு அதுதானே கதி. அண்ணன் அதை ஒரு மரத்தில் கட்டி இறக்கினார். இவர் அதைப் பிடித்து இரண்டடி ஏறியதும் துணி நீண்டது, மேலும் நீண்டது. மேலே வரவேண்டியவர், மிகுந்த கண்ணியத்துடன், கீழே போய்க்கொண்டிருந்தார். நீளும் துணியை விற்றே வாழ்பவருக்கு அது நீளும் என்பது அந்த நொடிவரை நினைவுக்கு வரவில்லை. எப்படியோ மீண்டும் திட்டில் கால் ஊன்றியபோது அதன் ஓரம் உடைந்து உதிர்ந்தது. அதுவரை கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் வேறு துணி தேடி ஓடினேன்.

சாப்பிட உட்காருவதற்காகக் கொண்டுவந்திருந்த, தம் தறியில் நெய்த இரண்டு கனத்த விரிப்புகளை அண்ணன் முடிச்சிட்டார். தறித் துணி சாக்குக்குத்தான் ஆகும் என்று விருந்துதோறும் சொல்லிவந்தவர் என் கணவர். அண்ணன் எட்டிப் பார்த்து, மிக மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க மாப்பிள்ளை, இது தறித் துணியாச்சுங்களே. கையில தொடுவீங்களா?"

"உடுங்க மச்சான். பேச்சை மேல வந்து வெச்சுக்கலாமுங்க."

இருவருமாக இழுத்தோம். துணி இம்மியும் நீளவில்லை. மேலே வந்தவர் பாறையில் கவிழ்ந்து கிடந்தார். விரிப்பின் நுனியை மட்டும் விடவில்லை. அவர் விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பாமல், சாப்பாட்டுப் பாத்திரங்களை வெகுநேரம் அடுக்கிக்கொண்டேயிருந்தார்.