குன்னூர் நாக்கு கப்பல் பார்த்த கதை

தரணிதரனுக்கு உடம்பெல்லாம் நாக்கு என்று குன்னூர் டீ வியாபாரிகள் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்று நம்பிய ஒரே ஆள் தரணிதரன்தான். அவர் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தூளையெல்லாம் ருசி பார்த்து விலை சொல்வது வேலை. ஒரு கரண்டி டீயை 'ஸ்ஸ்ர்ர்' என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், பக்கத்துப் பாத்திரத்தில் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். டீ விலை பாதாளத்துக்குப் போன அந்த வருஷங்களில் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "நம்ம மலை டீயில சத்து இல்லீங்க." சிறு விவசாயிகள் டீச்செடியைப் பிடுங்கிப்போட்டுக் கேரட் விதைத்தார்கள். இவர் சம்பளத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

மனைவி சசிரேகாவின் அண்ணன் நவநீதன், நெல்லியாளத்துப் பக்கம் சின்னதாக ஒரு டீ ஃபேக்டரி வைத்திருந்தார். அடுத்த ஏலத்தில் மரியாதையான விலை வராவிட்டால் பூட்டிவிட வேண்டிய நிலை. குன்னூருக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மாப்ளை, கூட்டிச் சொல்ல வேண்டாமுங்க. உள்ளதைச் சொன்னாப் போதும்."

"உறவு வேற, நாக்கு வேற மச்சான். ஊருக்குப் போயிட்டு வந்து பாக்கலாம்" என்றார் தரணிதரன்.

ஊர் என்றால் ஊர் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் பிரீத்தி, அப்பா அம்மாவைக் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பினாள். சசிரேகா பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அண்ணன் ஃபேக்டரித் தூளை ஒரு பொட்டலம் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் கப்பல் அறையிலேயே வெந்நீர் கொதிக்கவைத்து, டீ போட்டு, பிளாஸ்க்கில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். தரணிதரன் அதைத் தொடமாட்டார். "அந்தக் கண்றாவிய ஆபீஸ்ல குடிக்கறது போதாதா?"

ஒரு துறைமுகத்தில் கப்பல் பகல் முழுக்க நின்றது. துரைமார்களை ஒரு காலத்தில் கடல் தாண்டிக் கூட்டிப்போன பிரமாண்டமான பழைய கப்பல் ஒன்றை அங்கே கரையோரம் கட்டிப்போட்டு வேடிக்கை காட்டினார்கள். ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலைப் பார்க்க வரிசையில் நின்றபோது சசிரேகாவுக்குச் சிரிப்பு வந்தது. தரணிதரனுக்கோ பக்தியே வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு அறைகளை மூக்கைச் சுளித்தபடி கடந்தார். முதல் வகுப்புக் கூடத்துக்கு வந்ததும், தனக்காகத்தான் அத்தனை நாளும் நாற்காலி போட்டு வைத்திருந்த மாதிரி காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அங்கே அந்தக் காலத்துக் கோப்பைகளில் டீ கொடுத்தார்கள். இரண்டு டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, அடித்தளத்து எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார் தரணிதரன். முழங்கால் வலி என்று சசிரேகா கூடத்திலேயே இருந்தாள். அவர் வருவதற்குள் டீ ஆறிப்போனது. ஆறின டீயைக் கண்டால் மனுஷன் ஊரைக் கூட்டுவாரே என்று, அதைத் தன் காலிக் கோப்பையில் மாற்றிக்கொண்டு, அவர் கோப்பையைப் பிளாஸ்க் டீயால் நிரப்பி வைத்தாள்.

தரணிதரன் வந்து உட்கார்ந்து உறிஞ்சினார். 'ஸ்ஸ்ர்ர்!' கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணை மூடிச் சுழற்றி, பழக்க தோஷத்தில் பக்கத்தில் சுற்றிலும் கயிறு கட்டிக் காட்சிக்கு வைத்திருந்த வெள்ளிப் பாத்திரத்தில் துப்பினார். கப்பலைச் சுற்றிக் காட்டிய பெண் வீலென்று கத்தினாள். ஒரு காவலாளி ஓடிவந்தான். தரணிதரனுக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை.

"சசி, இதுதான் டீ! என்ன நெறம், என்ன வாசம்! நம்மாளுக ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒரு தூளு பண்ண முடியாது."

சசிரேகாவுக்கு அண்ணன் தப்பித்தார் என்று சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, அது கப்பல் டீ இல்லீங்க. நம்ம பிளாஸ்க்ல இருந்ததுங்க. எங்கண்ணன் தூளு."

தரணிதரன் கோப்பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இன்னொரு வாய் உறிஞ்சினார். இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

"அதான பாத்தேன்" என்றார். "கடைசில லேசா ஒரு கசப்பு அடிக்குது. சத்தும் கம்மி."

நரம்பில்லாத நாக்கு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்! சசிரேகா பிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினாள். காவலாளியிடம் அவர் கைகட்டி மன்னிப்புக் கேட்டபோதும் அவள் எழுந்து துணைக்குப் போகவில்லை.

ஊர் திரும்பியதும் நவநீதனின் தூளை உறிஞ்சினார், துப்பினார், பழைய விலையையே சொன்னார். ஃபேக்டரியைப் பூட்டிவிட்டு நவநீதன் ஓவேலியில் ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரி வேலைக்குப் போனார்.

குன்னூரிலேயே பெரிய அந்த நாக்குக்கு வீட்டில் அதற்குப் பிறகு டீ கிடைக்கவில்லை. காலையில் காபி, சாயங்காலமும் காபி. விருந்தாளிகள் முன்னால் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "ஏம்மா, ஒரு வாய் டீ போட மாட்டியா?"

"உங்க நாக்குக்கு ஏத்த தூளு நம்ம மலையில இல்லீங்களே" என்று, காபித் தம்ளரை அவர் முன்னால் வைத்தாள் சசிரேகா.