ஜெனிஷா சொன்ன ரேட்

திருப்பரங்குன்றத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஜெனிஷாவின் ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்றால் ஒரே அறைதான். ஒரு கம்ப்யூட்டர், தவணை முடியாத ஒரு கேமரா, பொழுது சாய்ந்த பிறகும் அனல் இறங்காத கூரை. முப்பத்துநாலு வயதுக்குள் அவள் இரண்டு ஆவணப்படங்கள் எடுத்திருந்தாள். அதில் ஒன்றுக்குக் கேரளத்தில் ஒரு விழாவில் பரிசு கிடைத்தது. பரிசு என்று கொடுத்தது கேடயம். மாடிக்குச் சொந்தக்காரர் அதை வாடகைப் பணமாக எடுத்துக்கொள்வாரா? ஆகவே ஃபேக்டரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்து, மிச்ச நாட்களில் தன் படத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது படம் பாதியில் நின்று வருஷம் ஒன்றாகிவிட்டது.

காசு கேட்பதென்றால் அவளுக்குக் கூச்சம். அம்மா இன்னாசியம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காசு வாங்காமல் ட்யூஷன் எடுத்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவளிடம் யாராவது "எம்புட்டும்மா ஆகும்?" என்று கேட்டால், மனசுக்குள் ஒரு தொகை வரும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும். "பாத்துச் செய்ங்கண்ணே" என்று கடைசியில் வேறு சேர்த்துக்கொள்வாள். அண்ணன்மாரும் பார்த்துத்தான் செய்தார்கள். படம் முடிந்த பிறகு பாட்டை மாற்றச் சொல்வார்கள். மாமனார் முகம் இன்னும் கொஞ்ச நேரம் தெரியணும் என்பார்கள். அத்தனையும் இலவசம்.

செல்வக்குமார் அவளிடம் கேமராமேனாக ஆறு வருஷமாக இருந்தான். டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். வெளிச்சத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேமராவை எங்கே வைக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பணம் வந்தால் சம்பளம், வராவிட்டால் அடுத்த மாதம். அவன் கேட்டதில்லை. கேட்காததை அவள் அன்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதத்தில் கப்பலூரிலிருந்து ஜெயக்கொடி கூப்பிட்டார். கார்களுக்கு ரப்பர் விரிப்பு செய்யும் சின்ன ஃபேக்டரி வைத்திருந்தவர். போன வருஷம் அவருக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு ஒரு படம் செய்து கொடுத்திருந்தாள். இந்தத் தடவை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் காட்ட வேண்டுமாம். ஜெனிஷாவும் செல்வக்குமாரும் போய் மிஷின்களைச் சுற்றிப் பார்த்தார்கள். ஜெயக்கொடி விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குள் ஜெனிஷா, "போன வருசத்து ரேட்டே போட்டுக்கலாம்ண்ணே" என்றாள்.

செல்வக்குமார் அவளைத் திரும்பிப் பார்த்தான். திரும்பும்போது வண்டியைச் சாலையோர டீக்கடையில் நிறுத்தினான். டீ பாதி குடித்த பிறகு சொன்னான்.

"அக்கா, அடுத்த மாசத்துல இருந்து நான் வரல."

"என்ன செல்வம், என்னாச்சு?"

"கல்யாண வீடியோ எடுக்குற கம்பெனில கூப்புடுறாங்க. மாசச் சம்பளம்."

"கல்யாண வீடியோவா? நீயா?"

அவன் சிரித்தான். "அங்க முன்பணம் குடுத்துட்டுத்தான்க்கா தாலியே கட்டுறாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஒங்க மேல கோவம் இல்லக்கா. பாவம்னு பாத்துக் கொறச்சிருறீங்க. நல்ல மனசுதான். ஆனா கொறச்சதுல பாதி என் வீட்டுல இருந்துல்ல போகுது? ஒரு தடவயாச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா?"

நஷ்டப்படுவது தான் மட்டுமே என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதங்களில் எல்லாம் தான் யாருக்கோ தாராளமாக இருந்திருக்கிறோம் என்பது அந்த டீக்கடையில்தான் உறைத்தது.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். படப்பிடிப்பு, எடிட்டிங், பெட்ரோல், அறை வாடகை, கேமராத் தவணை, கேமரா பிடிப்பவன் கூலி. எல்லாம் போட்டு முடித்தபோதுதான் தன் கூலியைச் சேர்க்கவில்லை என்று தெரிந்தது. அதையும் சேர்த்தபோது எழுபதாயிரத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்து அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. ஆனாலும் பஸ் ஏறிக் கப்பலூர் போனாள்.

"அண்ணே, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். எழுவதாயிரம் ஆகும். பாதி முன்பணம். ரெண்டு தடவ திருத்தித் தருவேன், அதுக்கு மேல தனிக் காசு."

ஜெயக்கொடி கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே திகைத்துப்போனார். "ஏம்மா, ஒரே ராத்திரில வெல ஏற இது என்ன மல்லியப் பூவா?"

"போன வருசம் கைநட்டத்துக்குத்தாண்ணே செஞ்சேன்."

"அத அன்னைக்கே சொல்லிருக்கணும்ல?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. செல்வக்குமார் போய்விட்டான். ஜூலை முழுக்க வேலை இல்லை.

"அம்புட்டுக் காசு கேட்டா யாருடி தருவா?" என்றார் இன்னாசியம்மாள். "நம்ம வீட்டுல யாரும் இப்பிடிக் கேட்டதில்லயே."

"ஒங்களுக்கு ஒண்ணாந்தேதியானா சம்பளம் வந்துச்சும்மா. அதனால ட்யூஷன சும்மா எடுத்தீங்க. எனக்கு எந்த ஒண்ணாந்தேதி?"

அம்மா துணி மடிக்கப் போய்விட்டார். அந்த மாத வாடகையை அம்மாவின் பென்ஷன்தான் கட்டியது.

ஆகஸ்டில் ஜெயக்கொடி மறுபடி கூப்பிட்டார். சம்பந்தி வீட்டுப் பையன் ஒருவன் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் வேறு படம் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

"இத லேசா ஒட்டுப்போட்டுக் குடும்மா."

அவர் அனுப்பியதைப் பார்த்தாள். மிஷின் எல்லாம் இருட்டுக்குள் இருந்தது.

"ஒட்டுப்போட முடியாதுண்ணே. புதுசாத்தான் எடுக்கணும்."

"சரி, அம்பதுன்னு வச்சுக்க. ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

சரிண்ணே என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. இரண்டு மாதமாகச் சம்பாத்தியம் இல்லாதவளுக்கு ஐம்பது பெரிய தொகை. ஆனாலும் அந்தச் சொல்லை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"அம்பதுக்கும் செய்யலாம்ண்ணே. ஆனா ரெண்டு நாள் ஷூட்டிங் ஒரு நாளாயிரும். அஞ்சு நிமிசப் படம் ரெண்டு நிமிசமாயிரும். ரேட்டக் கொறைக்கல, வேலையக் கொறைக்கிறேன்."

"ரெண்டு நிமிசம் போதும்மா. யாரு முழுசாப் பாக்கப் போறா?" என்றார். சாயங்காலத்துக்குள் முன்பணம் வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் படுத்துக்கொள்ளலாம் போல்தான் இருந்தது.

செல்வக்குமாரைக் கூப்பிட்டாள். "ஒரு நாள் வேலை. ஒன் ரேட் என்ன செல்வம்?"

எதிர்முனையில் அவன் திணறினான். "என்னக்கா நீங்க... பாத்துக் குடுங்க."

"பாத்துக் குடுக்குற சோலியே வேணாம். அங்க ஒரு நாளைக்கு என்ன குடுக்குறாங்களோ அதச் சொல்லு. கொறச்சுச் சொல்லாத."

தயங்கித் தயங்கிச் சொன்னான். கப்பலூரில் கேமராப் பையைத் திறப்பதற்கு முன்பே பணத்தை அவன் கணக்கில் போட்டுவிட்டாள். அவன் போனைப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு மிஷின்கள் எல்லாம் கேமராவில் அழகாக விழுந்தன. பழைய நாட்கள் போலவே அதிகம் பேசாமல் வேலை நடந்தது.

முடித்துவிட்டு லைட்டுகளைக் கட்டும்போது கேட்டாள். "திரும்பி வந்துர்றியா?"

அவன் வயரைச் சுற்றி முடித்தான். "வேணாம்க்கா. இப்பிடியே இருப்போம். வேலை இருந்தா கூப்புடுங்க, வாரேன்."

அவளுக்கு வலித்தது. கூடவே, மாதாமாதம் அவனுக்குச் சம்பளம் தேட வேண்டியதில்லை என்ற நிம்மதியும் வந்தது. அப்படி நிம்மதி வந்ததை நினைத்து வெட்கப்பட்டாள்.

அவனுக்கு அன்று சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் ஷூட்டிங் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஜெனிஷா ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தாள். நாளை முதல் எடிட்டிங், பிறகு ஜெயக்கொடியின் இரண்டு திருத்தங்கள், மூன்றாவதாக ஒன்று கேட்பார், அதற்குக் காசு சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ட்ரைபாடை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, டிக்கெட் வாங்குவதற்குள்ளேயே தூங்கிப்போனாள்.