ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களில் ஊசிக்குப் பயந்தவர்கள் பாதி, அக்காவின் வாய்க்குப் பயந்தவர்கள் பாதி. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை நல்லா மூடுங்க" என்று சொல்லி, ஊசி உள்ளே போனதும் கேட்பாள்: "வீடு சொந்தமா, வாடகையா?" எதிரில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓடவா முடியும்? வாடகை என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்.

"வாங்கற எண்ணம் இருக்கா? இருந்தா நான் சொல்றதக் கேளுங்க. விக்கிறவர் பேச்சை நம்பாதீங்க, படிக்கட்டு பெருக்கறவங்ககிட்ட விசாரிங்க. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறந்து விட்டுப் பாருங்க. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க. எல்லாத்துக்கும் மேல, ஞாயித்துக்கிழமை பாத்துட்டு வாங்கிடாதீங்க. திங்கக்கிழமை போய்ப் பாருங்க. லீவு போட்டாவது போங்க."

இதனாலேயே அவளுக்குத் 'திங்கட்கிழமை அக்கா' என்று பெயர் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரசீது போடுகிறவள் நான். ஆறு வருடமாக இதே பாட்டைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது. "அக்கா, சர்க்கரை பாக்க வந்தவருக்கு ரத்தக்கொதிப்பையும் சேர்த்துக் குடுத்து அனுப்பறீங்க" என்று கேலி செய்வேன். சிரிப்பாள். அடுத்த ஆள் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பிப்பாள்.

அவள் வீடு வாங்கிய கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகிப் பதினேழு வருடம் வாடகை வீடு, ஐந்து முறை மாறினார்கள். ஒவ்வொரு முறையும் அலமாரியைப் பிரித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி பூட்டியதில் அதன் கதவு இனிமேல் மூடமாட்டேன் என்று நின்றுவிட்டது. கடைசி வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன அன்று, இனி ஒருத்தர் சொல்லி நாம் கிளம்பக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

அவளுக்கு இங்கே காலை ஆறரையிலிருந்து வேலை. அவள் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் இரவு வேலை. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதனால் பார்த்த வீடுகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தார்கள். இந்த வீட்டையும் மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தார்கள். இரண்டாவது மாடி, பின்பக்கம், இரண்டு அறை, நல்ல வெளிச்சம். முக்கியமாக, அமைதி. "ஊசி விழுந்தாக் கேக்கும்டி, அப்படி ஒரு அமைதி" என்று என்னிடம் வந்து சொன்னாள். பகலில் தூங்கவேண்டிய மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிபோனார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகடு வெட்டும் பட்டறை திறந்தது.

நாலு வினாடிக்கு ஒரு அடி. எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை, வாரத்தில் ஆறு நாள். அலமாரியில் வைத்த டம்ளர் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும் என்பதால் தட்டுகளின் ஓரத்தில் மரச்சட்டம் அடித்திருக்கிறாள். போய்க் கேட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்து, "நாங்க இங்க வந்து இருபத்திரண்டு வருஷமாச்சும்மா, உங்க கட்டடம்தான் பின்னாடி வந்துச்சு" என்றாராம். வாடகைக்கு விட்டுப் பார்த்தார்கள். வந்தவர்கள் மாதம் முடிவதற்குள் கிளம்பினார்கள். வங்கித் தவணையையும் கட்டிக்கொண்டு வேறொரு வீட்டுக்கு வாடகையும் கொடுக்க இரண்டு சம்பளமும் பத்தாது.

ஆக, அவள் வீட்டுக்காரர் அச்சகத்துக்குப் பக்கத்திலிருந்த தன் அண்ணன் வீட்டில் பகலில் படுக்க ஆரம்பித்தார். முதலில் ஒரு வாரம் என்றுதான் போனார். அது ஆறு வருடமாகிவிட்டது. ஞாயிறு மட்டும் வருவார். விடுதியில் படிக்கும் மகள் போன் செய்தால், "அம்மா, ஒண்ணும் கேக்கல, படிக்கட்டுக்கு வந்து பேசு" என்பாளாம். சேர்ந்து இருப்பதற்காக வாங்கிய வீடு, ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போட்டுவிட்டது. இதைச் சொல்லும்போதும் அவள் அழமாட்டாள். கேட்கிற எனக்குத்தான் தாங்காது. அப்போதும் ஒரு ஓரத்தில், இந்த அக்கா கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு சத்தத்துக்குப் பயந்து ஒரு ஆள் வீட்டை விட்டே போவானா?

சில மாதத்துக்கு முன்னால் தரகர் ஒருவர் வந்தார். விற்றுத் தருகிறேன், ஆனால் ஆட்களை ஞாயிற்றுக்கிழமைதான் அழைத்து வருவேன் என்றார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரர் சண்டை போட்டார்.

"நமக்கு ஒருத்தன் செஞ்சதத்தானே நாம செய்யறோம்? நாம என்ன பொய்யா சொல்றோம்? கேட்டாச் சொல்லு, கேக்கலேன்னா விடு. எனக்கு அம்பது வயசாகுது. என் வீட்ல நான் படுக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

அவள் சரி என்றாள். என்னிடம் சொன்னபோது முகத்தைப் பார்க்காமல் பஞ்சை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

ஒரு இளம் ஜோடி இரண்டு ஞாயிறு வந்து பார்த்தது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் வேறு நாள் கிடையாது. அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளைக்காரி. பால்கனியில் நின்று, "எவ்வளவு அமைதியா இருக்கு" என்றாளாம். அக்கா உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாளாம். அடுத்த புதன்கிழமை முன்பணம் என்று முடிவானது.

இடையில் ஒரு சனிக்கிழமை காலை கர்ப்பிணி ஒருத்தி சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தாள். நான் ரசீது போட்டு உள்ளே அனுப்பினேன். அக்கா முகக்கவசம் போட்டிருந்தாள். பட்டையைக் கட்டினாள், ஊசி போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

அந்தப் பெண்ணே ஆரம்பித்தாள். "அக்கா, வெளிய உக்காந்திருந்தவங்க சொன்னாங்க, நீங்க வீடு வாங்கறவங்களுக்கு நல்லா யோசனை சொல்வீங்களாமே. நாங்க முதல் முதலா வாங்கப் போறோம். ஏதாவது சொல்லுங்களேன்."

குழாயில் ரத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அக்கா ஊசி பிடிக்காத கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, அந்தப் பெண்ணின் விரலை அதன்மேல் வைத்துவிட்டு, முகக்கவசத்தை இறக்கினாள்.

"ஐயோ, நீங்களா!" என்று அந்தப் பெண் சிரித்தாள். "வீட்டுக்கார அக்கா!"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வாம்மா," என்றாள் அக்கா. "லீவு போட்டுட்டு வா. படுக்கையறைச் சுவர்ல கைய வெச்சுப் பாரு. அதுக்கப்புறம் முடிவு பண்ணு."

அந்தப் பெண் போனதும் உள்ளே ஓடினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்குப் பைத்தியமா அக்கா? இன்னும் நாலே நாலு நாள் வாயை மூடிட்டு இருக்கக்கூடாதா?"

"பழகிப்போச்சுடி. ஊசி உள்ள போனா என் வாய் தானாத் திறந்துக்குது" என்றாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை காலை அவளால் நகர முடியாது. வெறும் வயிற்றோடு வரிசை நிற்கும். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு நான் போனேன். அந்த வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறேன், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. படிக்கட்டில் ஏறும்போதே காலுக்குக் கீழே அது தெரிந்தது. கதவைத் திறந்ததும் எதிரே பாத்திரங்கள் ஒவ்வொரு அடிக்கும் சின்னதாகக் குலுங்கின. நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் பத்து அடியை எண்ணினேன். பிறகு எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கால் மணி நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேனே, பாவி, அவள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஜோடி வந்தது. புருஷன் வாசலிலேயே நின்றுவிட்டான். அந்தப் பெண் நேராகப் படுக்கையறைக்குப் போய், சொன்னபடி ஒரு கையைச் சுவரில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கை தானாக வயிற்றுக்குப் போனது. மூன்று நிமிடம்கூட இருக்கமாட்டார்கள். போகும்போது என் காதருகே வந்து சத்தமாகக் கேட்டாள், "அந்த அக்கா இங்கதான் இருக்காங்களா? தினமுமா?"

நான் தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது அக்கா யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகக் கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். "கையைத் திறங்க, போதும்" என்றாள் எதிரிலிருந்தவரிடம்.

அடுத்த ஞாயிறு நடந்ததை மறுநாள் சோதனைக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொல்லியிருக்கிறாள். அவர் கத்தவில்லை.

"நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாராம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அந்தப் பொண்ணுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டாராம்.

"ஆறு."

சாயங்காலம் கிளம்பும்போது கட்டிலிலிருந்த தன் தலையணையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆறு வருடத்தில் உடுப்பு, சவரப்பெட்டி, செருப்பு என்று ஒவ்வொன்றாக அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாலும் அந்தத் தலையணை மட்டும் இங்கேயே இருந்தது. அங்கே இருப்பதில் படுத்தால் கழுத்து வலிக்கிறது என்று காரணம் சொன்னாராம்.

"நாங்க இந்த வீட்டப் பாக்கப் போனோம் பாரு, அப்ப இருந்தவங்க கட்டில்லயும் ஒரே ஒரு தலையணைதான் இருந்துச்சு" என்றாள் அக்கா. "வித்தவங்களும் புருஷன் பொண்டாட்டிதான். மூணு வாரமும் பாத்தேன். ஏன்னு கேக்கத் தோணல."

சீட்டுச் சுருளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி இரண்டு வருடமாம், வாடகை வீடாம். படிக்கட்டு பெருக்குகிறவர், குழாய், பெயிண்ட், திங்கட்கிழமை என்று எல்லாம் வரிசையாக வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு. விக்கிறவங்க படுக்கையறையில எத்தனை தலையணை இருக்குன்னு எண்ணிப் பாருங்க."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அக்கா ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தாள்.

"கையை மடக்கிக்கோங்க. அஞ்சு நிமிஷம் விடாதீங்க."