சிவப்புத் துணி கட்டிய கம்பு

வக்கீல் நோட்டீஸ் வந்த வீட்டில் வயதில் சின்னவனைத்தான் போலீஸ்காரர்கள் முதலில் பிடிப்பார்கள், தூக்கிப்போக லேசாக இருக்கும் என்பதால், என்று ஒன்பது வயதில் மனதார நம்பினேன். தங்கைக்கு நாலு வயது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வாசலுக்கு வெளியே, தெருவோரமாக, எங்கள் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்காக அம்மா ஆள் வைத்து இடுப்பளவு குழி தோண்டியிருந்தாள். தோண்டியவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித்தேர் என்று பாதியில் போட்டுவிட்டுப் போனார். அப்பா பட்டாளத்தில். அம்மாவே ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிக் குழிக்கு முன்னால் ஊன்றினாள்.

மறுநாள் நாங்களும் தேர் பார்த்துவிட்டு வந்தோம். தேருக்கு முன்னால் ஒருவர் துணியை வீசினால் அத்தனை கூட்டமும் வடத்தை இழுக்கிறது, இறக்கினால் நிற்கிறது. உலகத்தில் அதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகளின் அட்டைப்பெட்டித் தேருக்குக் கொடி வேண்டியிருந்தது. போய் அம்மாவின் கம்பை உருவினேன்.

மங்கலான நேரத்தில், தளவாய்புரத்திலிருந்து நைட்டி விற்க வரும் அண்ணாச்சி, சைக்கிளும் மூட்டையுமாகக் குழிக்குள் போனார். கால் முறிந்தது. நான் கொடியைப் பக்கத்து வீட்டுக் கூரையில் எறிந்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன். யாரும் சொல்லாமல் என் வாழ்நாளில் எழுதிய ஒரே வீட்டுப்பாடம் அது.

அண்ணாச்சியின் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் கைவிலங்கிலிருந்து கையை உருவப் பயிற்சி எடுத்தேன். அம்மாவின் தங்க வளையல்கள் இரண்டும் சுலபமாகக் கழன்றன. விலங்கு இவ்வளவு தாராளமாக இருக்காது என்று சந்தேகம் வந்து தங்கையின் வெள்ளிக் காப்பை மாட்டினேன். மாட்டியதோடு சரி, கழலவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டுப் படியெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"அக்கா, செத்த நேரம் நான் சொல்லுததைக் கேளு. கம்பு ஊனியிருந்துச்சு, எவனோ உருவிட்டான். அம்புட்டுதான். கேஸ் நிக்காது."

அந்த எவனோ கதவுக்குப் பின்னால் வீங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தான். வலி பொறுக்காமல் அழுதேன். அம்மா இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் காப்பை உருவும்போது, கூடவே உண்மையும் நழுவி வெளியே வந்தது.

மாமாவின் முகம் மலர்ந்தது. இது இன்னும் தோதாகப் போயிற்று, பிள்ளை விளையாட்டுக்கு எடுத்தான் என்று சொல்லிவிடலாம், சின்னப்பயலை யார் என்ன செய்ய முடியும் என்றார். என்னைக் கொடுத்துவிட்டு வீட்டை மீட்கப் போகிறார்கள் என்பது எனக்கு உறுதியாயிற்று. ஜெயிலில் தோசை உண்டா என்று யோசித்தேன்.

அம்மா சோப்புக் கையை நிறுத்தவில்லை. "ஏலே, ஒம்பது வயசுப் பய ஒத்தக் கையால உருவுத கம்பை ஊனிட்டு, காவல் போட்டேன்னு போயிச் சொல்லவா? தெருவுல பிள்ளைக விளையாடும்னு எனக்குத் தெரியாதா? நாலு கல்லை உருட்டி வச்சிருந்தா அந்த மனுசன் விழுந்திருக்க மாட்டாரு."

"அவரு யாரு, நமக்குச் சொந்தமா பந்தமா?"

"சொந்தக்காரன் மட்டுந்தான் நம்ம வாசல் வழியா வாரானா?"

கோர்ட்டுப் படியெல்லாம் மனப்பாடமான மாமா, எங்கள் வாசல் படியில் செருப்பைத் தேடினார்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. வாய்தா அன்று வீட்டில் விட ஆளில்லாமல் தங்கையோடு என்னையும் அம்மா கூட்டிப்போனாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். கடைசி ஆசை என்று புரிந்துகொண்டு, தூக்கில் போடுகிறவர்கள் காத்திருக்கட்டும் என்று நிதானமாக நக்கித் தின்றேன். உள்ளே போன அம்மா அரைமணியில் திரும்பினாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கோர்ட்டையே ஏமாற்றிவிட்டேன் என்று அடுத்த பத்து வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். குழி என்னுடையது, மூடாதது என் தப்பு என்று அம்மா கோர்ட்டில் சொன்னாள். அண்ணாச்சியின் வைத்தியச் செலவையும், கால் கூடும்வரை அவர் வீட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டாள். நான் சுலபமாகக் கழற்றிப் பார்த்த அந்த இரண்டு வளையல்களை அதற்காக விற்றாள். அந்த வழக்கின் எந்தக் காகிதத்திலும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.